இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை: மூன்று வருஷமாகப் பார்த்துவருபவளின் அனுபவம்

எங்கள் வீட்டு நடையில் இருந்து கடலுக்கு நாற்பது அடி இருந்தால் அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்துக்குக் கிழக்கே இருக்கிறோம். ஆனி ஆடியில் கடல் ஏறும். அதற்கு மணல்மூட்டை அடுக்கி வைப்போம். பயம் அதில் இல்லை. பங்குனி சித்திரையில், காற்றும் மழையும் இல்லாமல் வெயில் காய்கிற நாளில் திடீரென்று கடல் தெருவுக்குள் வருமே, அதுதான் பயம். கள்ளன் மாதிரி வருவதால் கள்ளக்கடல்.

இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருவது ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம். 2020-ல் இருந்து கள்ளக்கடலுக்கென்று தனிக் கணிப்பு வைத்திருக்கிறார்கள். இணையதளத்திலும் சமுத்ரா செயலியிலும் காசில்லாமல் பார்க்கலாம். நம் மாவட்டத்துக்கு வரும் வரி 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று இருக்கும். கேரள எல்லையில் இருந்து கிழக்குக் கோடி வரை நம் கடற்புறம் முழுக்க அந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

அந்த வரியை வாசிக்கப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆனது. அலை உயரம் 1.2 மீட்டர் என்று போட்டிருக்கும். ஆடி மாதக் கடலைப் பார்த்தவளுக்கு இது ஒரு அலையா என்றுதான் தோன்றும். பார்க்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் வினாடிக் கணக்கு. ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவில் உள்ள நேரம் அது. சாதாரண நாளில் நடையில் உட்கார்ந்து எண்ணினால் எட்டு, ஒன்பது வரும். கள்ளக்கடலில் பதினாறு, பதினெட்டு. அத்தனை நீளமான அலை கரையில் உடைந்ததோடு நிற்காது, பின்னால் இருக்கும் தண்ணீரையெல்லாம் தள்ளிக்கொண்டு ஏறும். நடுவில் கடல் ஓய்ந்த மாதிரி இருப்பது இன்னும் ஆபத்து. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் செத்துப்போனார்களே, அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் இந்தச் செயலியை நான் திறப்பதில்லை.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சிவப்பு போட்டு வந்தது. பதினேழு வினாடி. வெளியே இலை அசையவில்லை. வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, நீ கிட" என்றார். மாமாவுக்கு எண்பது வயது, கட்டுமரத்தில் போனவர். "காத்து இல்லாம கடல் ஏறுதுன்னா அது தூரத்துக் கடலுல மக்ளே, இங்க வானத்தப் பாத்து என்ன செய்ய?" என்று அவர் சொன்ன பிறகுதான் வள்ளத்தைத் தென்னைக்கு மேலே ஏற்றினார்கள். எஞ்சினைக் கழற்றி மாடிப்படியில் வைத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் கணுக்கால் அளவு தண்ணீர். விடிந்து பார்த்தால் வீடு முழுக்க மணல், ஆனால் வலையும் எஞ்சினும் பத்திரம். எங்கள் வரிசையில் இரண்டு வீட்டில் வலை போய்விட்டது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் தேதி வெட்டுப்பட்டிருக்க, பழைய எச்சரிக்கை என்று விட்டுவிட்டார்கள். ஆகவே கைமாறி வரும் படத்தை நம்பாதீர்கள், நேராகத் திறந்து பாருங்கள்.

மாமா சொன்னது அப்படியே சரி. இந்த அலை பிறப்பது தெற்கே, பூமத்திய ரேகையைத் தாண்டி அண்டார்டிகா பக்கத்துப் புயலில். நாலைந்து நாள் ஓடி நம் கரைக்கு வருகிறது. வழியில் மாலத்தீவையும் அது விடாது. 2007 மே மாதம் அங்கே தீவு தீவாகத் தண்ணீர் ஏறியது. அதனால் ஒரு நாடு தனியாக உட்கார்ந்து இதைக் கணிக்க முடியாது. அலை உயரம் அளக்கும் சரல் செயற்கைக்கோள் 2013-ல் நாமும் பிரான்சும் சேர்ந்து ஏவியது. இன்காய்ஸும் இலங்கை, மாலத்தீவு, செஷல்ஸ் நாடுகளுக்குக் கடல் கணிப்பு கொடுக்கிறது. எச்சரிக்கையில் நேரம் ஏன் 5.30, 11.30 என்று அரை மணியில் வருகிறது என்று யோசித்திருக்கிறேன். கணக்குப் போடுவது உலகப் பொது நேரத்தில்; அங்கே நள்ளிரவு என்றால் நமக்குக் காலை ஐந்தரை.

2004 டிசம்பர் 26-ல் சுமத்ரா பக்கம் நிலம் ஆடியது நம் நேரப்படி காலை 6.29-க்கு. சுனாமி அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலே ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் இந்தியப் பெருங்கடலில் சொல்ல ஒரு ஏற்பாடு இல்லை. குளச்சலில் குழி தோண்டிச் சேர்த்துப் புதைத்தோம். மணக்குடிப் பாலம் ஆற்றில் கிடந்தது. 2011 அக்டோபரில் இருந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தக் கடல் முழுக்கச் சுனாமி எச்சரிக்கை கொடுக்கின்றன. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

இன்னொன்றும் வேண்டும். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியதும் நம் கரை வரை வெள்ளை பிளாஸ்டிக் குருணை ஒதுங்கியது. ஜவ்வரிசி மாதிரி, மணலில் கை விட்டால் கையோடு வரும். 2021-ல் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோது இலங்கைக்காரர்கள் இதையே அள்ளினார்கள். இதற்கும் கூட்டு ஏற்பாடு உண்டு. கொழும்பில் இருக்கும் தெற்காசியக் கூட்டுறவுச் சுற்றுச்சூழல் அமைப்பின் கீழ் வங்கதேசம், இந்தியா, மாலத்தீவு, பாகிஸ்தான், இலங்கை ஐந்தும் 1995-ல் கடலுக்கான செயல்திட்டம் ஏற்றன. எண்ணெய், ரசாயனக் கசிவை எதிர்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு 2018-ல் நம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கள்ளக்கடலுக்கு வருகிற மாதிரி, 'குருணை இன்ன கரைக்கு இன்ன நாளில் ஒதுங்கும்' என்று ஒரு வரி இதே செயலியில் வந்தால், கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்கள் அன்றைக்கு மடி போட மாட்டார்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை அந்தக் குருணை வரிக்காக வைத்திருக்கிறேன்.

வலை பின்னும் கொட்டகைச் சுவரில் தினமும் சாயங்காலம் வினாடிக் கணக்கைச் சுண்ணக்கட்டியால் எழுதுகிறேன். நான் மறந்தால் மாமா கூப்பிட்டுக் கேட்பார்: "இன்னைக்கு எத்தனை மக்ளே?"