கிணறுகளுக்கு நடுவே மணலை எங்கே வைப்பது? நிலை மாதிரியில் மூன்று வழிகள்

எண்ணெய் வயலுக்கு ஸ்டேட்டிக் மாடல் எனப்படும் நிலை மாதிரியை, அதாவது நிலத்தடிப் பாறையைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் காட்டும் முப்பரிமாண உருவை, கட்டுவதில், பிளவுகளையும் அடுக்குகளின் மேற்பரப்புகளையும் வரைவது பொறுமை கேட்கும் வேலைதானே தவிர, பெரிய சர்ச்சைக்குரியது அன்று. சர்ச்சை தொடங்குவது அதற்குப் பிறகுதான்: கிணறு தொடாத இடங்களில் எந்தக் கட்டத்தில் மணற்கல், எதில் களிப்பாறை என்பதை எந்த முறையால் நிரப்புவது? தீபகற்ப மலேசியாவுக்குக் கிழக்கே கடலடியில் உள்ள மலாய் படுகையின் ஆற்று மணல்களில் கிணறுகளுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். மணல் உடலின் அகலமோ சில நூறு மீட்டர்தான். அதிர்வலைகளை நிலத்துக்குள் அனுப்பி எதிரொலியைப் பதியும் நிலஅதிர்வுப் பதிவும் முழுத் துணை அன்று. அலைவேகம் நொடிக்கு 2,400 மீட்டர், அதிர்வெண் 40 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 60 மீட்டர். அதில் கால் பங்கான 15 மீட்டருக்கும் மெல்லிய மணலின் மேற்பரப்பையும் அடிப்பரப்பையும் அது தனித்தனியாகப் பிரித்துக் காட்டாது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1951இல் தொடங்கிவைத்த, தெரிந்த புள்ளிகளை எடைபோட்டு இடைப்பட்ட இடத்தை மதிப்பிடும் கிரிகிங் முறையை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. நாலைந்து செம்பனை மரங்களின் குலைகளை எடைபோட்டு, நடுவில் நிற்கும் மரங்களெல்லாம் சராசரியாகவே காய்த்திருக்கும் என்று எழுதிவைப்பதைப் போல, அது ஏற்ற இறக்கங்களைத் தேய்த்து வழவழப்பாக்கிவிடும். எண்ணெய் ஓடுவதும் தடைபடுவதும் அந்த ஏற்ற இறக்கங்களால்தான்.

முதல் வழி, தொடர் இண்டிகேட்டர் சிமுலேஷன். கட்டங்களை முன்பின்னாகக் கலைத்த வரிசையில் ஒவ்வொன்றாக எடுத்து, அருகிலுள்ள கிணற்றுத் தரவையும் ஏற்கெனவே நிரம்பிய கட்டங்களையும் வேரியோகிராம் (தூரம் கூடக்கூட இரு புள்ளிகளின் ஒற்றுமை எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைகோடு) வழியாக எடைபோட்டு, அங்கே மணல் இருப்பதற்கான நிகழ்தகவைக் கணக்கிட்டுக் குலுக்கல் போடுகிறது. எத்தனை கிணறுகள் இருந்தாலும் அத்தனைக்கும் கட்டுப்படும், வேகமாக முடியும், மணல் எங்கே கூடும், எங்கே குறையும் என்று நிலஅதிர்விலிருந்து வரும் போக்கு வரைபடத்தையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் வேரியோகிராம் ஒரு நேரத்தில் இரண்டு புள்ளிகளைத்தான் பார்க்கும். வளைந்து செல்லும் ஆற்றை அதனால் சொல்ல முடியாது. திரையில் ஓர் அடுக்கைத் திறந்து பார்த்தால், தெளித்த புள்ளிகளைப் போல மணல் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கும். சில திட்டுகள் ஒரே ஒரு கட்டம் அளவுதான். போதாததற்கு, அந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதே வீச்சு; செங்குத்து வீச்சைக் கிணறே சொல்லிவிடும் என்றாலும், கிடைமட்ட வீச்சைச் சொல்லும் அளவுக்குக் கிணறுகள் நெருக்கமாக இல்லாததால், அந்த எண்ணை மாதிரி கட்டுபவரே தட்டச்சு செய்கிறார். புள்ளியியல் முறை என்ற பெயரில் அவரது ஊகந்தான் உள்ளே போகிறது.

இரண்டாவது, உருவ அடிப்படையிலான முறை. ஆற்றின் அகலம், தடிமன், வளைவின் வீச்சு, அலைநீளம், திசை ஆகியவற்றைக் கொடுத்தால், குறித்த மணல் விகிதம் எட்டும்வரை முழு ஆறுகளாகவே வைத்துக்கொண்டு போகும். இங்கும் ஊகம் உண்டு, ஆனால் எல்லோரும் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய ஊகம். பேராக் மாநிலத்தின் ஸ்ரீ இஸ்கண்டாரில் புவியறிவியல் படிக்கும் எங்கள் தெலுக் இந்தான் தோட்டப்புறப் பிள்ளைகள், ஊரை ஒட்டி வளையும் பேராக் ஆற்றைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்து அந்த எண்களைக் கொடுக்கலாமா என்று கேட்பதுண்டு. கொடுக்கலாம், ஆனால் கவனம் வேண்டும். ஆறு வளைவின் வெளிக்கரையை அரித்து உட்கரையில் படிவைச் சேர்த்துக்கொண்டே நகர்வதால், பாறையில் எஞ்சுவது தண்ணீரின் அகலம் அன்று, ஆறு நகர்ந்து திரிந்த பட்டையின் அகலம். இது பல மடங்கு பெரியது. தவிர, நம்மூரில் ஓடுவது கடலின் ஏற்றவற்றம் எட்டும் கீழ்ப்பகுதி, சேறு மிகுதி. மேட்டுநிலத்து ஆறு படியவைத்த மணலுக்கு அது பொருந்தாது.

இம்முறையின் உண்மையான குறை வேறு. கிணறுகள் நெருங்க நெருங்க, ஒரு கிணற்றில் மணலைத் தொட்டு அடுத்ததில் களிப்பாறையைத் தவிர்த்து ஆற்றை வளைத்துப் பொருத்த மென்பொருள் திணறும். சில கிணறுகளில் பொருத்தமே விட்டுப்போகும்.

மூன்றாவது, பல்புள்ளிப் புள்ளியியல். குவார்டியானோவும் ஸ்ரீவஸ்தவாவும் 1993இல் முன்வைத்த எண்ணத்தை, ஸ்ட்ரெபெல் 2002இல் வெளியான தம் கட்டுரையில் நடைமுறைக்கு உகந்ததாக்கினார். வேரியோகிராமுக்குப் பதில் படிவு எப்படி இருக்கும் என்று காட்டும் ஒரு பயிற்சிப் படத்தைக் கொடுத்தால், அதிலுள்ள வடிவங்களைக் கற்றுக்கொண்டு, கட்டம் கட்டமாகவே நிரப்புவதால் கிணறுகளுக்கும் கட்டுப்படும். இரண்டின் நன்மையும் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அந்தப் பயிற்சிப் படம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், பெரும்பாலும் உருவ முறையில் செய்த மாதிரியிலிருந்துதான் என்ற பதில் வரும். சிக்கல் தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. முகத்துவாரத்தை நெருங்கி ஆறு கிளைபிரியும் வயலுக்கு ஒரே படம் போதவும் போதாது.

மணல் விகிதம் ஒன்றாக இருந்தால் மூன்று முறைகளும் தரும் மொத்த எண்ணெய்க் கணக்கு ஏறக்குறைய ஒன்றே. வேறுபடுவது தொடர்ச்சி. ஒன்றன்மேல் ஒன்று விழும் மணல் உடல்கள் முப்பரிமாணத்தில் ஏறத்தாழ 28 விழுக்காட்டைத் தாண்டினாலே பெரும்பாலும் இணைந்துவிடுகின்றன. அதையே தட்டையான வெட்டுப்படத்தில் பார்த்தால் 67 விழுக்காடு தேவைப்படும். கூட்டத்தில் வெட்டுப்படத்தைத் திரையிட்டு ‘மணல்கள் தொடர்பில்லை’ என்று முடிவுகட்டுபவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. ஆகவே மணல் 60 விழுக்காடு உள்ள அடுக்கில் முறையைப் பற்றிச் சண்டையிடுவது வீண். அங்கே களிப்பாறைத் தடுப்புகள் எவ்வளவு தூரம் நீள்கின்றன என்பதே செங்குத்து ஓட்டத்தைத் தீர்மானிக்கும். 20 முதல் 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் முறையே எல்லாம்.

கிணறுகள் பத்துக்குள் இருந்து படிவும் ஆற்று மணலாக இருந்தால், நான் உருவ முறையையே தேர்ந்தெடுப்பேன். கடல் மேடையிலிருந்து பல பத்துக் கிணறுகள் தோண்டிவிட்ட வயலில் பல்புள்ளி முறை. நல்ல பயிற்சிப் படம் அமையாவிட்டால், வலுவான போக்கு வரைபடத்தோடு இண்டிகேட்டர் முறை. கடற்கரை மணல்போல பாறை வகைகள் (முகங்கள்) ஒழுங்கான வரிசையில் மாறும் இடத்தில் இம்மூன்றையும் விட்டுவிட்டு, தொடர்ச்சியான ஒரு மதிப்பை எல்லைகளில் வெட்டிப் பாறை வகைகளாக்கும் வெட்டிய காஸியன் முறையை எடுத்துக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் ஒரு கிணற்றை விலக்கிவைத்து ஓட்டி, அதை மாதிரி சரியாகக் கணிக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அதைவிட நல்லது, பல ஆண்டு உற்பத்திக்குப் பின் தோண்டிய கிணற்றின் அழுத்த அளவீடு. புதுக் கிணற்றின் மணலில் அழுத்தம் முன்பே இறங்கியிருந்தால், அது பழைய கிணற்றோடு இணைந்திருக்கிறது. அந்த இணைப்பைக் காட்டாத மாதிரி, எந்த முறையில் வந்ததானாலும், எண்ணெய் ஓட்டத்தைக் கணக்கிடும் பொறியாளரிடம் போகக் கூடாது.