ஆரல்வாய்மொழிக் காற்றில் மலிவு விலை டென்ட்: வாங்கலாமா?

ஆன்லைனில் ரூ.1,500 முதல் 2,500 வரை கிடைக்கும் இருவர் டென்ட்தான் இப்போது நாகர்கோவில் பக்கத்துப் பையன்கள் பலர் கையில். இரண்டு ஃபைபர் கம்பு, ஒற்றைத் துணிச் சுவர், உச்சியில் கொசுவலை, அதற்கு மேல் தொப்பி போல ஒரு சின்ன மழைத்துணி. பெயர் எதுவானாலும் உள்ளே சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். தை முதல் பங்குனி வரை, காய்ந்த இரவுகளுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் பெட்டியில் வருவதை அப்படியே கொண்டுபோனால் போதாது.

முதல் குறை, டென்ட்டைத் தரையோடு பிடித்து நிறுத்தும் முளைகள். பென்சிலை விட மெலிந்த கம்பி. ஒரு சாண் நீளம்கூட வராது. தோவாளை, முப்பந்தல் பக்கத்துச் சரளை மண்ணில் நாலு அடி அடித்தாலே வளைந்துவிடும். கொல்லர் பட்டறையில் 8 மி.மீ. கட்டுமானக் கம்பியை 30 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறு முனையைக் கொக்கியாக வளைத்து வாங்குங்கள். ஒன்று சுமார் 120 கிராம், எட்டுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தப் பாரம் சுமக்கத் தகுந்தது. முளையின் தலை டென்ட்டை விட்டு வெளியே சாய்ந்திருக்க வேண்டும். நேர்குத்தாக அடித்தால் கயிறு இழுக்க இழுக்க மண்ணோடு பிடுங்கிக்கொள்ளும். சொத்தவிளை, சங்குத்துறை போன்ற கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்காது. சிமென்ட் சாக்கில் மணலை நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, ஓரடி ஆழத்தில் புதைத்தால் நிற்கும்.

அடுத்தது கம்பு. ஏழெட்டுத் துண்டுகள், உள்ளே எலாஸ்டிக் கயிறு. துணியின் உறைக்குள் நுழைக்கும்போது தள்ளத்தான் வேண்டும். இழுத்தால் துண்டுகள் கழன்று, அவற்றை இணைக்கும் இரும்புக் குழலில் பாதி மட்டுமே இறங்கியிருக்கும். அப்படியே வளைத்து நிறுத்தினால் ஃபைபர் நெடுக்காகப் பிளக்கும். அதன் சிராய் கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. கம்பு உடைவதற்குக் காற்றை விட இந்த அவசரமே பெரும்பாலும் காரணம். கம்பு இறுக்கமாக நுழையும் ஒரு சாண் அலுமினியக் குழாயும் கொஞ்சம் டேப்பும் பையில் இருந்தால், பிளந்த இடத்தில் மாட்டி இரு முனையிலும் சுற்றி இரவை ஓட்டிவிடலாம்.

காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஆரல்வாய்மொழிக் கணவாயில் வெறும் பழமொழி அல்ல. தென்மேற்குப் பருவத்தில் காற்று மேற்கிலிருந்து மலை இடைவெளியில் நெருக்கிப் பாய்வதால்தானே அங்கே இத்தனை காற்றாலைகள்! ஆனி, ஆடியில் அங்கே இந்த டென்ட் வேண்டவே வேண்டாம். மற்ற மாதங்களில் காற்று வரும் பக்கத்து முளைகளை முதலில் அடித்துவிட்டுக் கம்பை நிமிர்த்துங்கள், வாசல் அதற்கு எதிர்ப்பக்கம். நான்கு பக்கக் கயிறுகளையும் கட்டாமல் படுக்காதீர்கள். பல டென்ட்களில் அந்தக் கயிறே வராது, 3 மி.மீ. நைலான் கயிறு 12 மீட்டர் தனியாக வாங்கவும்.

மழைக்கு இது லாயக்கில்லை. தொப்பித் துணி உச்சியை மட்டும் மூடுகிறது. ஐப்பசிச் சாரல் வலை வழியாக நேரே தலைமாட்டில் இறங்கும். தையல் ஓரங்களிலும் கசியும். வாங்குவதற்கு முன் மழைத்துணி தரைவரை வருகிறதா, தையல் உட்புறம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விடியும்போது சுவரில் உள்ளே முத்து முத்தாக நிற்கும் தண்ணீர் பெரும்பாலும் கசிவல்ல, மூச்சுக்காற்றின் ஈரம். ஜிப்பை மேலே நாலு விரல் திறந்து வைத்தால் குறையும்.

இடம் பார்க்கும்போது தென்னைக்கு அடியில் போடவே கூடாது. மட்டை ஒன்று விழுந்தாலே போதும். ரப்பர் தோட்டத்துச் சருகில் மழைக்காலம் முழுக்க அட்டைப்பூச்சி. கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்துக் காடுகளில் பெரும்பகுதி 2008 முதல் சரணாலயம்.

திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். உப்புக்காற்று பட்ட ஜிப் ஒரே மாதத்தில் இறுகிவிடும். பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் ஓடும். ஈரத்தோடு சுருட்டி வைத்த டென்ட்டில் உட்பூச்சு பிசுபிசுத்து வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டால் அதை மீட்க வழியில்லை.