ஆய்வு வெளியீட்டுப் பட்டியலுக்கு ஆர்கிட்டா, கூகுள் ஸ்காலரா, ஸ்கோபஸா?

மருத்துவ ஊட்டச்சத்தியலும் பார்மசியும் சந்திக்கும் இடத்தில் ஆய்வு செய்பவரின் கட்டுரைகள் ஓரிடத்தில் தங்குவதில்லை. சிரைவழி ஊட்டக் கரைசலில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து படிவதைப் பற்றிய கட்டுரை ஒரு மருத்துவமனைப் பார்மசி இதழில் வரும். அதே கரைசலைப் பெற்ற நோயாளிகளைப் பற்றிய கட்டுரை ஊட்டச்சத்து இதழில் வரும். மாநாட்டுச் சுருக்கங்கள் இணைப்பிதழ்களில் கிடக்கும். இவற்றை ஒரே பெயரின் கீழ்த் திரட்ட, ஆய்வாளருக்கு அடையாள எண் தரும் ஆர்கிட் (ORCID), கட்டுரைத் தேடுதளமான கூகுள் ஸ்காலர், கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோபஸ் ஆகிய மூன்று வழிகளையும் பயன்படுத்திய பின், ஆர்கிட்டையே என் முதன்மைப் பதிவாக வைத்துக்கொண்டேன்.

கூகுள் ஸ்காலரின் வசதிகள் எல்லோரும் அறிந்தவை. கட்டணம் இல்லை, மேற்கோள்களையும், கட்டுரைகளின் எண்ணிக்கையையும் மேற்கோள்களையும் சேர்த்து அளவிடும் எச்-குறியீட்டையும் (h-index) அதுவே கணக்கிட்டுத் தருகிறது, மாநாட்டுச் சுருக்கங்களைக்கூடத் தேடிப் பிடிக்கிறது. ஆனால் இதழின் தரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால், அதன் எண்ணிக்கை மற்ற தளங்களைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். எல்செவியர் நிறுவனம் 2004இல் தொடங்கிய ஸ்கோபஸ் இதழ்களைத் தேர்ந்தெடுத்தே சேர்க்கிறது. தேர்வுக் குழுக்கள் அந்த எண்களை நம்புவதற்கு அதுவே காரணம். ஸ்கோபஸ் போன்ற இன்னொரு தரவுத்தளமான வெப் ஆஃப் சயின்ஸை நான் மிகக் குறைவாகவே பயன்படுத்தியிருக்கிறேன். ஆகவே அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. அதிலும் குறிப்பாக, பெயரைக் காக்கும் வேலை. தமிழரிடம் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். இதழ்களின் படிவங்களோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஒருவர் ஒரு கட்டுரையில் தந்தையின் பெயரை அங்கே நிரப்புவார், இன்னொன்றில் தம் பெயரையே நிரப்பி இனிஷியலைப் பின்னால் தள்ளுவார். தேடுபவருக்கு இருவர் தெரிவர். 'குமார் எஸ்' போன்ற வடிவத்திலோ நிலைமை நேர்மாறு: வெவ்வேறு துறைகளில் எழுதும் பலர் ஒரே ஆளாகத் தெரிவர். ஸ்கோபஸ் ஆசிரியர் பதிவுகளைத் தானாகவே உருவாக்குவதால், ஒருவரின் கட்டுரைகள் இரண்டு பதிவுகளாகப் பிரிவதும், பிறர் கட்டுரை நம் பதிவில் கலப்பதும் நேர்கின்றன; திருத்தம் கோரி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கூகுள் ஸ்காலரில் நாமே உடனடியாக நீக்கலாம். ஆயினும் தானாகச் சேர்க்கும் அமைப்பை மாற்றாவிட்டால் அந்நியக் கட்டுரைகள் மறுபடியும் வந்து சேரக்கூடும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் முன் மின்னஞ்சலில் ஒப்புதல் கேட்கும்படி அமைத்துக்கொள்வதே நல்லது.

2012 அக்டோபரில் சேவையைத் தொடங்கிய ஆர்கிட், இலாப நோக்கற்ற அமைப்பு. அது பெயரை நம்பாமல் 16 இலக்க அடையாள எண்ணை நம்புகிறது. கட்டுரையைச் சமர்ப்பிக்கும்போது அந்த எண்ணைத் தந்தால், பதிப்பகம் அதை டிஓஐ (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளம்) விவரங்களோடு, டிஓஐகளைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்புக்கு அனுப்பும். நாம் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், அதன்பின் அத்தகைய கட்டுரைகள் தாமாகவே பட்டியலில் ஏறும். எந்த வடிவத்தில் பெயர் அச்சானாலும், எந்தத் துறையின் இதழாக இருந்தாலும், எண் மாறுவதில்லை. திருமணத்துக்குப் பின் பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கும் இது பெரிய நிம்மதி.

குறைகளும் உண்டு. ஆர்கிட் மேற்கோள்களை எண்ணாது. பதவி உயர்வு விண்ணப்பத்தில் எச்-குறியீடு கேட்டால் மற்ற இரண்டில் ஒன்றிடம்தான் போக வேண்டும். ஆர்கிட்டில் யாரும் தம் பட்டியலில் எதையும் தாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், ஒவ்வொரு பதிவின் அடியிலும் குறிப்பிடப்படும் மூலத்தைப் பார்ப்பது அவசியம்: ஆய்வாளரே சேர்த்ததற்கு அவர் பெயரும், கிராஸ்ரெஃப் வழியாக வந்ததற்கு அதன் பெயரும் அங்கே இருக்கும். மதிப்பிடுபவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஆர்கிட் எண் இல்லாமல் வெளிவந்த பழைய கட்டுரைகள் தாமாக வந்து சேரா. அவற்றை ஸ்கோபஸிலிருந்தும் உயிர்மருத்துவக் கட்டுரைத் தளமான யூரோப் பிஎம்சியிலிருந்தும் இறக்குமதி செய்துகொள்ள ஆர்கிட்டிலேயே வழி இருக்கிறது. டிஓஐ இல்லாத மாநாட்டுச் சுருக்கங்களை மட்டும் கையால் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். கணக்கில் அலுவலக மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டால், மருத்துவமனையிலிருந்து கல்லூரிக்கு வேலை மாறினாலும் கணக்கு கைவிட்டுப் போகாது.