அப்பாவின் பழைய டிராக்டர்: விற்பதா, எடைக்குப் போடுவதா, வைத்துக்கொள்வதா?

அப்பா போன பிறகு இரண்டு வருடம் கொட்டகையில் மூன்று சாமான்கள் அப்படியே நின்றன. 1999-இல் வாங்கிய மாசி பெர்குசன் 1035 டிராக்டர், அதற்கான டிரெய்லர், 5 எச்.பி. ஆயில் இன்ஜின் ஒன்று. ஊர் ஒரத்தநாடு பக்கம், பாதி நெல், பாதி தென்னை. இப்போது உழவுக்கு ரோட்டவேட்டர் மாட்டிய பெரிய வண்டியைத்தான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். எங்களுடையது போன்ற 36 எச்.பி. வண்டியும் ஒன்பது கொத்துக் கலப்பையும் வைத்திருந்தால் நம் வயலுக்கு ஆகும், வாடகைக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அரசின் உழவன் செயலியில் வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டியையே பதிவு செய்துகொள்ளலாம் என்றான பிறகு, நாலு ஏக்கருக்குச் சொந்த டிராக்டர் தேவையில்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. அதை என்ன செய்வது என்பதுதான் தெளிவாகவில்லை.

கடைசியில் விற்றேன். அதே நிலையில் இருக்கிற யாருக்கும் அதையே சொல்வேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: ஆர்.சி. புத்தகம், அதாவது வண்டியின் பதிவுச் சான்று, நேராக இருக்க வேண்டும். நேராக இல்லையென்றால் முதலில் அதை நேராக்குங்கள். விலையையும் தொல்லையையும் முடிவு செய்வது இன்ஜின் இல்லை, அந்தப் புத்தகம்தான்.

எனக்கு வந்த மூன்று விலைகளைச் சொல்கிறேன். பழைய இரும்புக்காரர் வந்து பார்த்து, டயர் உட்பட மொத்தமாக 45,000 என்றார். வண்டி எடை சுமார் 1,700 கிலோ. ரப்பர், மண், எண்ணெய்க் கசடு என்று கழித்துத்தான் அவர் கணக்குப் போட்டார், அதில் தப்பில்லை. இரண்டாவதாக வந்த தரகர் 'பேப்பர் இல்லாமலே எடுத்துக்கிறேன்' என்று 70,000 கேட்டார். மூன்றாவது விலை, எல்லாப் பேப்பரும் சரியான பிறகு அறந்தாங்கி பக்கத்து விவசாயி ஒருவர் கொடுத்தது: 1,35,000. பேப்பருக்கு எனக்குச் செலவானது 14,000 ரூபாயும் நாலு மாதமும்.

என் ஆர்.சி.யில் மூன்று சிக்கல். ஒன்று, வண்டி அப்பா பெயரில் இருந்தது. இரண்டு, 15 வருடப் பதிவு 2014-லேயே முடிந்து, புதுப்பிக்காமல் கிடந்தது. மூன்றாவதுதான் என்னை அலைய வைத்தது. வாங்கும்போது எடுத்த கடனை அப்பா 2004-இல் கட்டி முடித்திருந்தார், ஆனால் கடன் கொடுத்த வங்கியின் பெயர் புத்தகத்தில் அப்படியே இருந்தது. வயலுக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டிக்கு இதெல்லாம் யாரும் கேட்பதில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியவும் இல்லை.

வங்கிக்கு நாலு தடவை போனேன். இருபது வருடத்துக்கு முந்தைய கணக்கு, பழைய லெட்ஜரில்தான் இருக்கும் என்றார்கள். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கடன் முடித்த ரசீது கிடைத்ததால் தப்பித்தேன். அதைக் காட்டித் தடையில்லாச் சான்றும், புத்தகத்திலிருந்து வங்கி பெயரை நீக்கும் படிவம் 35-இல் கையெழுத்தும் வாங்கினேன். அப்புறம் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மா, தங்கை இருவரின் சம்மதக் கடிதம், இவற்றோடு படிவம் 31 போட்டு வண்டியை என் பெயருக்கு மாற்றினேன். புதுப்பிக்கத் தனி விண்ணப்பம், தாமதக் கட்டணம், நடப்பு இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். வண்டியையே நேரில் கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும்.

வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டியிருந்தது. நம்பர் இருந்த இடத்தில் இருபது வருடச் சேறும் கிரீஸும் கெட்டியாகிக் கிடந்தது. டீசலில் துணியை நனைத்து ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்த பிறகு எழுத்து ஒவ்வொன்றாக எழும்பியது. கடைசி எண் மட்டும் 3-ஆ 8-ஆ என்று புரியவில்லை. சாக்பீஸைக் குறுக்கே தடவியதும் 8 என்று தெரிந்தது. ஆர்.சி.யிலும் 8. அந்த ஒரு எண் மாறியிருந்தால் நாலு மாதம் எட்டு மாதமாகியிருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, அந்த 70,000-ஐ வாங்கிக்கொண்டு விட்டிருக்கலாமே என்று மாமா கேட்டார். பணம் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. பேப்பர் மாற்றாமல் கொடுத்த டிராக்டர் எங்கோ ராத்திரியில் லைட் இல்லாமல் கரும்பு ஏற்றிக்கொண்டு போய் யார் மேலாவது மோதினால், வழக்கு நம் வீட்டு வாசலுக்கு வரும். அதனால் விற்ற வண்டியைப் பெயர் மாற்றும் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரவில்லை. வாங்கியவரோடு நானும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போனேன். வண்டிப் பதிவுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாறியதைப் பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது.

பத்து வருடம் ஆன டிராக்டரை அரசு கட்டாயமாக உடைக்கச் சொல்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அதை நம்பி அவசரப்பட்டு விற்காதீர்கள். அது பொய் என்று மத்திய அரசே மறுத்திருக்கிறது. விவசாய டிராக்டருக்கு முதல் பதிவு 15 வருடம், அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

விற்பதற்கு முன் இன்ஜின் வேலை பார்க்கலாமா? வேண்டாம் என்பேன். ரிங், லைனர் என்று இறங்கினால் போட்ட காசு திரும்பாது. செல்ஃப் மோட்டார், பேட்டரி, ஹைட்ராலிக் லிஃப்ட் இவை மட்டும் வேலை செய்ய வேண்டும். ஆள் வருவதற்கு முன் வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். சூடான இன்ஜின் சுலபமாகப் பிடித்துவிடும் என்பதால், விவரம் தெரிந்தவர் முதலில் ரேடியேட்டரில்தான் கை வைத்துச் சூடு பார்ப்பார். அறந்தாங்கிக்காரரும் அதைத்தான் செய்தார். சில்லென்று இருந்த இன்ஜின் மூன்றாவது சுற்றில் பிடித்தது, கலப்பையைத் தூக்கி ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்த்தார், இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் விலையை அதிகம் இழுக்கவில்லை.

எடைக்குப் போடுவது எதற்குச் சரி? பேப்பரே இல்லாத, இனி வராத சாமானுக்கு. எங்கள் டிரெய்லர் அப்படித்தான். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், அப்பா செய்யவே இல்லை. தகடு, சேஸ் எல்லாம் எடைக்குப் போனது. எடை மேடைச் சீட்டை நானே நின்று வாங்கினேன். ஸ்பிரிங் பட்டைகளை மட்டும் கழற்றிக் கொல்லுப் பட்டறைக்குக் கொடுத்தேன். அரிவாளுக்கு அதைவிட நல்ல இரும்பு கிடைக்காது. பதிவுள்ள டிராக்டரையே உடைக்கக் கொடுப்பவர்கள், 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். உடைத்த வண்டியின் புத்தகம் வெளியே இருந்தால் திருட்டு வண்டிக்கு அது உடுப்பாகிவிடும்.

மாற்று உபயோகம் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீல் இரண்டையும் கிணற்றடியில் சாய்த்துப் பீர்க்கங்கொடி ஏற்றியிருக்கிறோம், அவ்வளவுதான் என் அனுபவம். ஆயில் இன்ஜினில்தான் இன்னும் மனம் ஊசலாடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் தெருவுக்கு இருபது நாளுக்கு மேல் கரண்ட் இல்லாதபோது, குளத்திலிருந்து மாட்டுக்கும் நாற்றுக்கும் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது அதுதான். ஆனால் தரைக்கு மேல் நிற்கும் பம்ப் 25 அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை இழுக்காது. எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் அதைவிட ரொம்ப ஆழம். ஆல்டர்னேட்டர் மாட்டி ஜெனரேட்டராக்கலாம் என்கிறார்கள். அதில் வீட்டு லைட்டும் மிக்சியும் ஓடும், ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கும் 7.5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார் ஓடாது. குளத்தில் தண்ணீர் நிற்கிற வரை அதற்கு வேலை இருக்கிறது என்கிறார் அம்மா. ஐப்பசி பிறக்கும் முன் டீசல் ஊற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும்.