குளச்சல் கடற்காற்றில் மூன்று பாசிவ் ப்ரீஆம்ப்கள்: ஏழு வருட அனுபவம்

சிடி பிளேயர் அதிகபட்சம் 2 வோல்ட் தருகிறது. ஸ்பீக்கரை ஓட்டும் என் பவர் ஆம்ப் முழுத் திறனோடு பாட 1 வோல்ட் போதும். நடுவில் இன்னொரு பெருக்கி எதற்கு, சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தால் போதுமே என்றுதான் கரண்ட் தேவைப்படாத, சத்தத்தைக் குறைக்க மட்டும் செய்யும் பெட்டியான பாசிவ் ப்ரீஆம்புக்கு வந்தேன்.

முதல் பெட்டி 50 கிலோஓம் கார்பன் வால்யூம் கன்ட்ரோல் வைத்தது. பெட்டி என் நாற்காலிக்குப் பக்கத்தில், ஆம்ப் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், இடையே 5 மீட்டர் மலிவு வயர். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் போட்டால் கைத்தாளத்தின் கணீர் மட்டும் காணோம். ஒரு வருடம் ஸ்பீக்கரைத்தான் சந்தேகப்பட்டேன். நாகர்கோவிலில் ஒரு வயதான ரேடியோ மெக்கானிக், "ஸ்பீக்கர குறை சொல்லாத மக்கா, வயரப் பாரு" என்றார்.

அவர் சொன்னது சரி. 6 டெசிபல் குறைத்து வைத்தால் அந்தக் கன்ட்ரோலின் வெளியீட்டு மின்மறுப்பு (சிக்னல் வெளியே போகும் வழியில் உள்ள தடை) 12.5 கிலோஓம் ஆகிவிடும். வயரின் மின்தேக்கம் மீட்டருக்கு 200 பிகோஃபாரட் என்றால் 5 மீட்டருக்கு மொத்தம் 1000. இரண்டும் சேர்ந்தால் 13 கிலோஹெர்ட்ஸ் தொடும் முன்பே 3 டெசிபல் போய்விடும்; தாளத்தின் கணீர் குறைவது இந்த மேல் பகுதி போவதால்தான். 10 கிலோஓம் கன்ட்ரோலும் அரை மீட்டர் வயரும் போட்டால் இந்த வெட்டு காது கேட்கும் எல்லையைத் தாண்டி எங்கோ மேலே போய்விடும். பாசிவ் வாங்குகிறவர்கள் பிராண்டைப் பார்க்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும்.

அப்புறம் உப்புக்காற்று. இரண்டாவது மழைக்காலத்திலேயே குமிழைத் திருப்பினால் கரகரவென்றது. ராத்திரி சத்தம் குறைத்தால் பாட்டு இடது பக்கம் சாய்ந்தது.

அடுத்து வாங்கியது 24 படிகள் உள்ள 10 கிலோஓம் ஸ்டெப் அட்டனுவேட்டர், அதாவது படிப்படியாகச் சத்தம் குறைக்கும் சுவிட்ச். படிக்குப் படி தனித்தனி ரெசிஸ்டர் என்பதால் இரண்டு பக்கமும் எவ்வளவு குறைத்தாலும் சமமாக நிற்கிறது. தாளம் திரும்பி வந்த அன்று ராத்திரி தூங்க மனசே வரவில்லை. குறை என்றால், படிக்கு 2 டெசிபல். சில நேரம் இந்தப் படி குறைவு, அடுத்தது அதிகம். சுவிட்சுக்கும் உப்பு ஆகாது. வாரம் ஒருமுறை இந்தக் கடைசியில் இருந்து அந்தக் கடைசி வரை நாலு தடவை திருப்புகிறேன். ஐந்து வருடமாகக் கரகரப்பு இல்லை. போனில் இருந்து போட்டால் மட்டும் சத்தம் போதவில்லை.

மூன்றாவது, ரெசிஸ்டருக்குப் பதில் டிரான்ஸ்ஃபார்மரால் சத்தம் குறைக்கும் வகை, பழையதாக வாங்கியது. வோல்ட்டைப் பாதியாக்கினால் மின்மறுப்பு காலாகிவிடும்; நீள வயருக்கு இது அஞ்சாது. தவிலின் தொப்பிப் பக்கம் இதில்தான் நிறைவாகக் கேட்டது. ஆனால் ஆம்பின் மின் டிரான்ஸ்ஃபார்மர் அருகே வைத்தால் உறுமும், இரண்டடி தள்ளி வைக்க வேண்டும். என் அலமாரியில் அந்த இடம் இல்லை.

குலசேகரத்தில் மச்சான் வீட்டு ஹால் பெரியது, வயரும் நீளம். டிரான்ஸ்ஃபார்மரை அங்கே கொடுத்துவிட்டேன். என்னிடம் ஸ்டெப் அட்டனுவேட்டரும் அரை மீட்டர் வயரும்தான் இருக்கின்றன.