பிள்ளைகளுக்கு 16, 20, 24 இஞ்ச் சைக்கிள்: சுங்கை சிப்புட்டில் எதை எடுக்கலாம்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற டவுனில் பிள்ளைக்குச் சைக்கிள் தேடினால் மூன்று வகை கண்ணில் படும். சைக்கிள் கடை வாசலில் வரிசையாக நிற்கும் சாதாரண இரும்பு பிரேம் வண்டி ஒன்று. பேரங்காடியிலும் இணையத்திலும் பெட்டியோடு வரும், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த 'மலை சைக்கிள்' இன்னொன்று. மூன்றாவது, ஈப்போ வரை போய் எடுக்கும் அலுமினிய பிரேம் வண்டி. செம்மண் பாதை, மழை, பனைமுள் மூன்றையும் வைத்துப் பார்த்தால் ஸ்பிரிங் வண்டிக்குத்தான் கடைசி இடம். ஸ்பிரிங் இல்லாத, அலுமினிய ரிம் போட்ட கடை வண்டியே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். தம்பி தங்கைக்கும் அதே வண்டி இறங்கப்போகிறது என்றால் அலுமினிய பிரேமுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

அதற்கு முன் சைஸ், அதாவது சக்கரத்தின் விட்டம். "வளர்ற பிள்ளைதானே, ஒரு சைஸ் பெரிசா எடுத்துடுவோம்" என்று சொல்லித்தான் பாதி சைக்கிள்கள் வீணாகின்றன. கால் எட்டாத வண்டியில் பிள்ளை நிற்கும்போதெல்லாம் ஒரு பக்கம் சாயும். திடீரென பிரேக் பிடித்தால் சீட்டிலிருந்து வழுக்கி நடுக்குழாயில் விழும். வளர்ச்சிக்கு இடம் சக்கரத்தில் இல்லை, சீட் கம்பியில் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் பிள்ளை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. உயரும். அதில் பாதி அளவுதான் கால் நீளம். ஆகவே சீட் கம்பி 10 செ.மீ. ஏறும் வண்டி, சரியான சைஸில் வாங்கினாலே மூன்று ஆண்டுக்குத் தாங்கும். கடையில் கம்பியை வெளியே இழுத்து, அதில் வெட்டியிருக்கும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக்கூடாது. கம்பி குட்டையாக இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

காலை அளப்பது எளிது. செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி நிற்க வைத்து, கால்களுக்கிடையே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை மேல்நோக்கி அழுத்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். ஏறக்குறைய 43 முதல் 53 செ.மீ. வரை 16 இஞ்ச், 52 முதல் 65 வரை 20 இஞ்ச், 62க்கு மேல் 24 இஞ்ச். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். உயரத்தை வைத்தும் சொல்வார்கள்: டெக்கத்லோன் விளையாட்டுப் பொருள் கடையில் 120 முதல் 135 செ.மீ. வரை 20 இஞ்ச், 135 முதல் 150 வரை 24 இஞ்ச். புதிதாக ஓட்டுகிற பிள்ளைக்கு, முழுக்க இறக்கிய சீட்டின் உயரம் அந்தக் கால் அளவைத் தாண்டக்கூடாது. இரண்டு பாதமும் தரையில் பதியவேண்டும். ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு விரல் நுனி எட்டினால் போதும்.

16 இஞ்ச் வண்டிகள் சிலவற்றில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் இருக்கும். சின்னக் கைக்கு அது நல்லதுதான். ஆனால் செயின் கழன்றால் அந்த பிரேக்கும் போய்விடும். செயினை நடுவில் விரலால் தூக்கினால் ஒரு செ.மீ. அசையலாம், அதற்குமேல் தொங்கக்கூடாது. பின்சக்கர அச்சிலிருந்து வரும் தட்டையான இரும்புக்கை, பிரேமில் கிளிப் போட்டு முடுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். முடுக்காவிட்டால் பிரேக் பிடிக்கும்போது அந்தக் கை சுழன்றுவிடும்.

இனி ஸ்பிரிங் வண்டி. பார்க்க மோட்டார் சைக்கிள் போல இருப்பதால் பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள். 20 இஞ்சில் இந்த வகை 13 கிலோவை எட்டிவிடும். ஏழு வயதுப் பிள்ளையின் எடையே ஏறக்குறைய 22 கிலோ. தன் எடையில் பாதிக்குமேல் இருக்கும் இரும்பை மேட்டில் மிதிக்க வேண்டியிருக்கிறது. மலிவு ஸ்பிரிங் அந்த எடைக்குச் சரியாக அமுங்குவதும் இல்லை. கடையில் பிள்ளையை ஏற்றி, முன்பிரேக்கைப் பிடித்து ஹேண்டலை அழுத்தச் சொல்லுங்கள். அசையவே இல்லையென்றால் அந்த ஸ்பிரிங் வெறும் சுமை. மேடுபள்ளத்தைத் தாங்குவதற்கு அகலமான டயரே போதும். 1.75 முதல் 2.1 இஞ்ச் அகலத்தில், டயர் பக்கவாட்டில் அச்சிட்ட காற்றளவின் கீழ் எல்லைக்குப் பக்கத்தில் வைத்தால் கற்பாதையில் கை அதிராது.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரிம்மில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். பளபளக்கும் குரோம் இரும்பு ரிம்மில், மழையில் ரப்பர் பிரேக் கட்டை வழுக்கும். வெயிலில் சோதித்தால் இந்தக் குறை தெரியாது. மதியம் மழை கொட்டி, பனைக்குலை லாரி எதிரே வரும்போதுதான் தெரியும். பிரேமில் காந்தம் ஒட்டினால் பரவாயில்லை, ரிம்மில் ஒட்டக்கூடாது என்பதே எங்கள் கணக்கு. பிரேக் கட்டை ரிம்மை மட்டும் தொடவேண்டும். டயரில் உரசினால் சில வாரங்களிலேயே பக்கச்சுவர் கிழிந்து டியூப் வெடிக்கும். பிரேக் லிவருக்குப் பின்னால் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை உள்ளே முடுக்கினால் லிவர் கைப்பிடிக்குப் பக்கமாக வரும். பிள்ளையின் இரண்டு விரல் முதல் கணுவரை லிவரைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். பல கடைகளில் கேட்டால்தான் இதைச் செய்து கொடுப்பார்கள்.

20 இஞ்ச் வரை கியர் தேவையில்லை. வலப்பக்கம் விழுந்தால் கியர் தொங்கும் துண்டு வளைந்து, அடுத்த முறை கீழ் கியர் மாற்றும்போது ஸ்போக்கில் மாட்டும். செம்பனை மட்டையின் முள் டயரைத் துளைத்து உள்ளேயே தங்கிவிடும். புது டியூப் போடுமுன் டயரின் உட்பக்கத்தைத் துணியால் தடவிப் பாருங்கள், இல்லாவிட்டால் புதியதும் அன்றே போகும். கார் டயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு உள்ள டியூப் கேளுங்கள், பெட்ரோல் நிலையத்திலேயே காற்றடிக்கலாம்.

பெட்டியில் வரும் வண்டியை வீட்டில் பூட்டும்போது நடக்கும் தவறுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் கவட்டையை (ஃபோர்க்) பின்பக்கமாகத் திருப்பிப் பூட்டுவார்கள். இடப் பெடலின் மரை எதிர்த்திசையில் முடுகுவது தெரியாமல் ஸ்பேனரால் அழுத்தி மரையைக் கெடுத்துவிடுவார்கள். பெடலில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள், 'எல்' இடது, 'ஆர்' வலது. முதலில் கையாலேயே இரண்டு மூன்று சுற்று போகவேண்டும். முடித்தபின் முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இடுக்கி ஹேண்டலைத் திருகுங்கள். தனியாகத் திரும்பினால் போல்ட் இன்னும் முடுக்க வேண்டும்.

இதனால்தான் சில வெள்ளி கூடினாலும் டவுன் சைக்கிள் கடையில் வாங்கச் சொல்கிறோம். ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஒரு மாதம் கழித்துக் கொண்டுவந்தால் இலவசமாக முடுக்கித் தருவார்களா? புது வண்டியில் பிரேக் வயர் தளரும், ஸ்போக் இறங்கும், பெடலை அச்சோடு இணைக்கும் பெடல் கையின் போல்ட் இளகும். இளகிய பெடல் கையோடு தொடர்ந்து ஓட்டினால் அதன் சதுரத் துளை உருண்டையாகிவிடும். பிறகு எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது, கையையே மாற்றவேண்டும்.

24 இஞ்ச் வண்டியைப் புதிதாக வாங்கிச் செலவழிக்க வேண்டாம். பிள்ளை சீக்கிரமே 150 செ.மீ. தாண்டி, சின்ன பிரேம் போட்ட 26 இஞ்சுக்குப் போய்விடும். பழைய 24 நன்றாகவே கிடைக்கும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி ரிம் ஆடுகிறதா, பெடல் கை பக்கவாட்டில் அசைகிறதா, சீட் கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டையும் கடையில் சரிசெய்யலாம். கம்பி அசையாவிட்டால் வாங்காதீர்கள்.