கார்பன் வீலா, அலாய் வீலா? கொங்குச் சாலையில் எது தாங்கும்

குழாய் பதிக்கத் தோண்டி மண்ணை மட்டும் தள்ளி மூடிய பள்ளம், பெயிண்ட் அடிக்காத வேகத்தடை, ஓரம் பெயர்ந்த கிராமத் தார்ச்சாலை. பல்லடம், தாராபுரம் பக்கம் சைக்கிள் ஓட்டுபவர்கள் கார்பன் நாரில் செய்த வீலோ அலுமினிய அலாய் வீலோ வாங்கும்போது எடையை விட இவற்றைத்தான் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

பள்ளத்தில் விழுந்தால் கார்பன் உடைந்துவிடும் என்ற பயம் பாதிதான் சரி. அலாய் ரிம் அடிபட்டால் ஓரம் மடங்கும், வீல் கோட்டமாகும். கண்ணுக்குத் தெரியும். போக்ஸ் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுக்கலாம். மடங்கிய ஓரத்தை ஸ்பேனரால் மெல்ல நிமிர்த்தி வீடு வரை ஓட்டலாம். ஆனால் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப நிமிர்த்தினால் விரிசல் விடும். கார்பன் மடங்காது. அலாயை நசுக்கும் அடிகள் பலவற்றை அது தழும்பில்லாமல் தாங்கும், வருஷக்கணக்கில் கோட்டமும் ஆகாது. எல்லை தாண்டிய அடி விழுந்தால் மட்டும் விரிசல் விடும், அல்லது உள்ளே அடுக்குகள் பிரியும். வெளியே மயிரிழைக் கோடு மட்டும்தான் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது.

அதனால் பலமான அடி விழுந்தால் டயரைக் கழற்றி ரிம்மைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மட்டும் மொத்தென்று மாறினால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கலாம். வெள்ளைத் துணியை ஓரத்தில் ஓட்டினால் பிசிறு மாட்டும். டயர் உட்காரும் ஓரத்திலோ போக்ஸ் துளையைச் சுற்றியோ விரிசல் இருந்தால் அந்த ரிம்மை ஓட்டவே கூடாது. பசை வைத்து ஒட்டுவதெல்லாம் உயிரோடு விளையாடுவது.

பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கும் ரிம் பிரேக் சைக்கிளுக்குக் கார்பன் வேண்டவே வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறையிலிருந்து ஆழியாறு வரும் 40 வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறும். கார்பனை இறுக்கிப் பிடித்திருக்கும் ரெசின் அந்தச் சூட்டில் இளகி, ரிம் ஓரம் பிதுங்கும், டயரும் வெடிக்கலாம். அலாய் சூட்டை வேகமாகக் கடத்தி வெளியே விட்டுவிடும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

எந்த ரிம்மானாலும் உயிரைக் காப்பது டயர்தான். டயர் முழுசாக அமுங்கிய பிறகுதான் பள்ளத்தின் விளிம்பு ரிம்மைத் தொடும். 70 கிலோ ஆள் 28 மி.மீ. அகல ட்யூப்லெஸ் (உள்ளே ட்யூப் இல்லாத) டயருக்கு 60 முதல் 65 பிஎஸ்ஐ காற்றழுத்தம், 32 மி.மீ.க்கு 50 முதல் 55 என்று தொடங்கலாம். ஃப்ரேமில் இடமிருந்தால் 32 போடுங்கள். காசு செலவழிக்க இதைவிட நல்ல இடமில்லை. ஹுக்லெஸ், அதாவது டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத கார்பன் ரிம்முக்கு 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐதான் உச்சம். அதற்கென அனுமதித்த ட்யூப்லெஸ் டயர் மட்டுமே போட வேண்டும். பஞ்சரான டயரோடு உருட்டிக்கொண்டு போவது கார்பனுக்கு ஆகவே ஆகாது, ஓரம் தேய்ந்து நார் பிரியும்.

டிஸ்க் சைக்கிள், 32 டயர், வார இறுதி ஓட்டம் என்றால் 30 முதல் 35 மி.மீ. உயரக் கார்பன் ரிம், 24 கம்பி போதும். 50 மி.மீ. உயரம் எடுத்தால், ஆடியில் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் முன்வீலைப் பக்கவாட்டில் தள்ளும்.

இரவெல்லாம் ஓட்டும் 400, 600 கி.மீ. பிரிவேக்கு (நேர வரம்புக்குள் முடிக்கும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) அலாய்தான், முன்னால் 28, பின்னால் 32 கம்பி. ஒன்று அறுந்தாலும் வீல் ஃப்ரேமில் உரசாமல் ஓட்டி முடிக்கலாம். தலை வளைந்த சாதாரணப் போக்ஸ் கம்பியே இருக்கட்டும். நேர்க்கம்பி சின்ன ஊர்க் கடைகளில் கிடைப்பது அரிது. உங்கள் வீலின் அளவுக்கே இரண்டு கம்பிகளை ஃப்ரேமில் டேப் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் சின்ன நட்டான நிப்பிளைப் பித்தளையில் கேளுங்கள். அலுமினிய நிப்பிள் கார்பனோடு ஒட்டி இருக்கும்போது மழை, வியர்வை ஈரம் பட்டால் அரித்து, கோட்டம் எடுக்கத் திருகும்போதே உடைந்து கையோடு வந்துவிடும்.